வீட்டு விளையில் நல்லமிளகு: முதல் முறை பறித்துக் காயவைத்து விற்கப்போகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனை, கடையாலுமூடு பக்கம் வீடு வாங்கிக் குடியேறியவர்களும், வளைகுடாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ திரும்பி வந்து அப்பா வைத்த விளையை, அதாவது வீட்டுத் தோப்பைப் பார்க்கத் தொடங்கியவர்களும் டிசம்பர் வந்தால் கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பலாவிலும் அயனியிலும் முருக்கிலும் மிளகு காய்த்துத் தொங்குகிறது. எப்போது பறிப்பது, எப்படிக் காயவைப்பது, யாரிடம் கொடுப்பது? ஊரில் கேட்டால் ஆளுக்கொரு துண்டுதான் கையில் கிடைக்கும். ஏணிக்காரர் ஏணி விஷயம் சொல்வார், கடைக்காரர் தனக்கு வசதியானதைச் சொல்வார், பக்கத்து வீட்டு அம்மச்சி எல்லாம் சொல்லிவிட்டு முக்கியமான ஒன்றை மறந்துவிடுவார். அப்படிப் பொறுக்கிச் சேர்த்துச் செய்து பார்த்ததைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறேன். ஐந்து மூடு (மூடு என்றால் ஒரு கொடி), பத்து மூடு, மிஞ்சினால் ஐம்பது மூடு வைத்திருப்பவர்களுக்கான கணக்கு இது. தோட்டமாக வைத்திருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

காசு போவதும் வருவதும் கொடியில் இல்லை, காயவைக்கும் முற்றத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். நன்றாகக் காய்த்த கொடியிலிருந்து மட்டமான மிளகு எடுப்பது மிகச் சுலபம். அதனால் காயவைப்பைப் பற்றி நீட்டி எழுதியிருக்கிறேன், மற்றதைச் சுருக்கியிருக்கிறேன்.

1. நாள் பார்ப்பது

ஜூன், ஜூலை மழையில் பூத்த சரம் முற்ற ஆறிலிருந்து எட்டு மாதம் ஆகும். நம் மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பறிப்பு நடக்கும். கீரிப்பாறை, மாறாமலை போன்ற மேட்டுப் பகுதிகளில் மார்ச் வரைகூட இழுக்கும்.

காலண்டரை விட்டுவிட்டுச் சரத்தைப் பாருங்கள். ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணி மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறியிருந்தால் அந்தச் சரம் தயார். மற்ற மணிகள் பச்சையாகவே இருக்கும், ஆனால் முற்றியிருக்கும். ஒரு பச்சை மணியை நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே பால் போலக் கசிந்தால் பிஞ்சு. வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் முற்றியது. பிஞ்சில் பறித்தால் காயும்போது சுருங்கி, உள்ளே ஒன்றுமில்லாத சுக்கல் மணியாகிவிடும். எடையும் நிற்காது.

முழுவதும் பழுக்கட்டும் என்று விடவும் கூடாது. பழுத்ததைக் குருவியும் அணிலும் கொண்டுபோகும், மிச்சம் உதிரும்.

இங்கே இன்னொரு சிக்கல், நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நிற்கும். பக்கத்து வீட்டில் பறித்தார்கள் என்று டிசம்பர் தொடக்கத்தில் அவசரப்பட்டால், பறித்த மறுநாளே வானம் மூடிக்கொள்ளும். ஈரமணியை வீட்டுக்குள் பரப்பி மின்விசிறி போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அடுத்த நான்கைந்து நாளுக்கு மழை இல்லை என்று வானிலை அறிக்கை பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு வரும் வெயில்தான் நம்ப உகந்தது.

ஒரே நாளில் எல்லாக் கொடியையும் மொட்டையடிக்க வேண்டாம். இரண்டு தடவையாக, இடையில் இரண்டு மூன்று வாரம் விட்டுப் பறித்தால் பிஞ்சு கலப்பது பாதியாகக் குறையும். கூலி கொஞ்சம் கூடும். ஆனாலும் கணக்குப் பார்த்தால் லாபம்தான்.

2. ஆளும் ஏணியும் கூலியும்

ஒற்றை மூங்கிலில் கணுவை விட்டு வெட்டிய ஏணியில்தான் இங்கே ஏறுவார்கள். பழக்கமில்லாதவர்கள் அதில் கால் வைக்கவே வேண்டாம். கைக்கு எட்டும் உயரம்வரை நீங்களும் வீட்டாரும் பறியுங்கள், மேலே ஏற ஆளை வையுங்கள். கூலி ஊருக்கு ஊர் மாறும். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி எடுத்துவைத்துக்கொண்டு, பேச்சை முதல் நாளே முடித்துவிடுங்கள். சாப்பாடு உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துப் பேசுங்கள், பிறகு மனவருத்தம் வேண்டாம்.

கூலிக்குப் பதிலாக, “பறித்ததில் பாதி” என்றும் சிலர் கேட்பார்கள். கொடியை மொத்தமாக விலை பேசிக் கொள்ளும் வியாபாரிகளும் உண்டு. இரண்டிலும் ஒரே ஆபத்து: பறிக்கிறவருக்கு அடுத்த வருடக் காய்ப்பைப் பற்றிக் கவலை இருக்காது. ஒரே ஏற்றத்தில் பிஞ்சும் பழமும் சேர்த்து உருவிக்கொண்டு போவார். பக்கக் கிளை ஒடியும். அந்தப் பக்கக் கிளையில்தான் சரம் பிடிக்கும். ஒடிந்த இடத்தில் அடுத்த வருடம் காய்ப்பு குறையும். நாள்கூலி கொடுத்துப் பக்கத்தில் நின்று பார்ப்பதே நல்லது.

முசுறு எறும்பு ஏறாத பலாவே கிடையாது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கூட்டைப் பார்த்துக் கிளையோடு வெட்டி அப்புறப்படுத்திவிட்டு ஏறச் சொல்லுங்கள். பூச்சிமருந்து அடிக்க நினைக்காதீர்கள். அடித்தது நேராக மிளகில்தான் வந்து நிற்கும்.

3. பறிப்பு

சரத்தின் காம்பை விரல் நகத்தால் கிள்ள வேண்டும். இழுக்கக் கூடாது. இழுத்தால் சரத்தோடு கணுவும் வரும். பறிக்கிறவர் இடுப்பிலோ தோளிலோ துணிப்பை கட்டிக்கொள்வார். நிரம்பியதும் கயிற்றில் இறக்குவார். கீழே கொட்ட ஒரு சுத்தமான தார்ப்பாயை முன்னரே விரித்துவையுங்கள்.

மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கலாம், ஆனால் தனிப் பாத்திரத்தில் போடுங்கள். மண்ணில் கிடந்தது பூசணம் பிடித்திருக்கும். நல்லதோடு கலந்தால் மொத்தமும் மட்டமாகும். யூரியா வந்த சாக்கு, பூச்சிமருந்து வந்த டப்பா எதையும் கழுவிக்கூடப் பயன்படுத்த வேண்டாம்.

4. சரத்திலிருந்து மணி

பறித்த சரத்தை ஒரு இரவு குவித்து, மேலே சாக்குப் போட்டு மூடிவைத்தால் மறுநாள் மணி எளிதில் கழலும். ஒரு இரவுதான். இரண்டாம் நாளும் மூடியே கிடந்தால் உள்ளே சூடேறிப் புளித்த வாடை வரும்.

பிறகு தார்ப்பாயில் பரப்பிக் காலால் மிதித்தோ உள்ளங்கையால் உருட்டியோ உதிர்க்கலாம். மிதிக்கிறவர்கள் காலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மிதிக்கட்டும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. உதிர்க்கும் இயந்திரம் விற்கிறார்கள். பத்து இருபது மூடுக்கு அதை வாங்குவது வீண் செலவு.

உதிர்ந்ததும் காம்பையும் இலையையும் பொறுக்கி எடுத்துவிட்டு, தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். மிதக்கும் பிஞ்சும் பொக்கும் அப்போதே தனியாகிவிடும்.

சிவந்து பழுத்த மணிகள் ஓரளவு சேர்ந்தால் வெள்ளை மிளகாக்கலாம். துணியில் கட்டி ஏழெட்டு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, தோல் குழைந்ததும் கசக்கிக் கழுவிக் காயவைப்பதுதான் முறை. நான்கு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கிடைத்தால் பெரிது, வாடையும் வீட்டாரைச் சோதிக்கும். வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் செய்துபாருங்கள், அவ்வளவே.

5. வெந்நீரில் முக்குவது

பலர் விட்டுவிடும் படி இது. என்னைக் கேட்டால் இதைச் செய்யாமல் காயவைக்கவே கூடாது.

அண்டாவில் தண்ணீர் நன்றாகக் கொதிக்கட்டும். ஓட்டைக் கூடையிலோ சல்லடைப் பாத்திரத்திலோ இரண்டு மூன்று கிலோ மணியைப் போட்டு, கொதிநீரில் ஒரு நிமிடம் அமுக்கி எடுத்து, நீரை வடியவிட்டு உடனே பரப்பிவிட வேண்டும். கைப்பேசியில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பச்சை மணி வெந்நீரில் இறங்கியதும் கொஞ்சம் மங்கி, ஆலிவ் காய் நிறத்துக்குப் போகும். வெயிலில் போட்டதும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகிக் கறுக்கத் தொடங்கும். மறுநாள் மாலைக்குள் ஒரே சீரான கறுப்பு வந்துவிடும்.

இதனால் மேலே ஒட்டியிருக்கும் தூசியும் கிருமியும் போகும், தோல் இளகி ஈரம் சீக்கிரம் வெளியேறும், காயும் நாள் குறையும். நேரம் கூடினால் வேறு கதை. மணியைக் கறுப்பாக்குவது அதன் தோலில் இருக்கும் நொதிதான். நீண்ட நேரம் கொதித்தால் அந்த நொதி செத்து, காய்ந்த பிறகும் மிளகு வெளிறிய பழுப்பாகவே நிற்கும். அதனால்தான் ஒரு நிமிடம் என்று அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு முக்குக்குப் பிறகும் தண்ணீர் மீண்டும் கொதிநிலைக்கு வரக் காத்திருங்கள். தண்ணீர் கலங்கி அழுக்கானால் மாற்றுங்கள்.

வெயில் உறுதியாக இருக்கும் நாளில் காலையிலேயே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். வெந்நீரில் முக்கியெடுத்த மணியை மாலைவரை குவித்துவைத்தால் கெட்டுவிடும்.

6. காயவைப்பு

பறித்த மணியில் எடைக்கு 65 முதல் 70 சதவீதம் தண்ணீர். அதைப் 11 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று கிலோ பச்சைக்குச் சுமார் ஒரு கிலோ காய்ந்த மிளகு என்பது கைக்கணக்கு. ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.

எங்கே பரப்புவது என்பதில்தான் முதல் தவறு நடக்கும். ரோட்டோரத்தில் பரப்ப வேண்டாம். நாயும் கோழியும் வாகனப் புகையும் இருக்கும் இடம் அது. சாணம் மெழுகிய தரை பழைய வழக்கம், ஆனால் உணவுப்பொருளுக்கு ஆகாது. மொட்டை மாடி சிமெண்டுத் தரையைக் கழுவி உலரவிட்டுப் பரப்பலாம். அதற்கு மேல் சுத்தமான, கனமான பிளாஸ்டிக் விரிப்போ தார்ப்பாயோ இருந்தால் சாயங்காலம் அள்ளுவது எளிது. மூங்கில் பாய் வைத்திருப்பவர்கள் அதில் வெந்தயம் அரைத்துப் பூசிக் காயவிட்டால் இடுக்கெல்லாம் அடைந்து, மணி சிக்காமல் இருக்கும்.

மெல்லிசாகப் பரப்புங்கள். ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் இருந்தால் நல்லது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கையாலோ மரக்கொத்தாலோ கிளறுங்கள். நாலு மணி தாண்டியதும் அள்ளி உள்ளே கொண்டுபோக வேண்டும். ஜனவரியில் நம்மூரில் இரவில் பனி இறங்கும். வெளியிலேயே விட்டால் பகலில் போன ஈரம் இரவில் திரும்ப ஏறும். அப்படிச் சொட்டச் சொட்ட நனைந்து காயும் மிளகில்தான் சாம்பல் பூசணம் தெரியும். அள்ளியதைக் குவியலாக வைத்து மேலே துணி போடுங்கள், பிளாஸ்டிக்கால் இறுக மூடாதீர்கள். உள்ளே வியர்த்துவிடும்.

வெந்நீரில் முக்கியது நல்ல வெயிலில் மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். முக்காதது ஐந்தாறு நாள் கேட்கும்.

காய்ந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது? கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், பல்லில் வைத்தால் படக்கென்று உடைய வேண்டும் என்பார்கள். அது சரிதான், ஆனால் அனுபவக் காதுக்கும் பல்லுக்கும்தான் அது சரிப்படும். புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. முதல் நாளே, உதிர்த்து அலசி நீர் வடிந்த மணியில் சரியாக ஒரு கிலோ நிறுத்து, ஒரு தனித் தட்டில் பரப்பி மற்றதோடு சேர்த்துக் காயவையுங்கள். தினமும் சாயங்காலம் அந்தத் தட்டை மட்டும் நிறுத்துப் பாருங்கள். 1000 கிராம் குறைந்துகொண்டே வந்து 330 முதல் 380 கிராமுக்குள் வந்து நிற்கும். அடுத்தடுத்த இரண்டு நாளும் எடை ஏறக்குறைய மாறாமல் இருந்தால் காய்ச்சல் முடிந்தது. சமையலறைத் தராசு போதும், செலவு கிடையாது. ஈரமானி கருவி வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

ரப்பர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. மழை பிடித்துக்கொண்டால் புகைப்புரை கண்ணில் படும். ஷீட் காயும் இடத்தில் மிளகையும் ஒரு மூலையில் வைத்தால் என்ன என்று தோன்றும். வைக்காதீர்கள். புகை வாடை ஏறிய மிளகை எந்தக் கடைக்காரரும் மோந்து பார்த்ததும் தள்ளிவிடுவார், நீங்களும் ரசத்தில் போட முடியாது. மழை நாளுக்கு வீட்டுக்குள் பரப்பி மின்விசிறி போடுவது, வெயில் வந்ததும் வெளியே எடுப்பது என்று ஒப்பேற்றுவதே மேல்.

7. புடைத்துப் பிரிப்பது

காய்ந்ததைச் சுளவில் (முறத்தில்) போட்டுப் புடைத்தால் பதரும் தூசியும் காம்பும் போகும். பொடி மணியைச் சல்லடையில் சலித்துத் தனியே வையுங்கள். அது வீட்டு உபயோகத்துக்கு, பொடித்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு லிட்டர் படியையோ ஒரு லிட்டர் அளவு குவளையையோ எடுத்து, மிளகைத் தட்டாமல் குலுக்காமல் நிரப்பி, விளிம்போடு ஒரு குச்சியால் வழித்துவிட்டு நிறுத்துப் பாருங்கள். வியாபாரத்தில் லிட்டர் எடை என்று பேசுவது இதைத்தான். 550 கிராம் வந்தால் நல்ல மிளகு, தைரியமாக விலை பேசலாம். 500-க்குக் கீழே இருந்தால் பிஞ்சும் பொக்கும் கலந்திருக்கிறது என்று பொருள். திரும்பப் புடையுங்கள். வீட்டிலேயே இதைச் செய்துவிட்டுக் கடைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். “ஈரமிருக்கு, லேசா இருக்கு, கிலோவுக்கு அம்பது கொறையும்” என்று ஒரு கடையில் சொன்னபோது, அங்கேயே படியைக் கேட்டு வாங்கி நிறுத்துக் காட்டினேன். பிறகு ஈரத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

8. வைத்திருந்து விற்பவர்களுக்கு

நன்றாகக் காய்ந்த மிளகு வருடக்கணக்கில் கெடாது. அதுதான் இந்தப் பயிரின் பெரிய வசதி. விலை பிடிக்காவிட்டால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடல் காற்று அடிக்கும் மாவட்டம் இது, ஈரத்தைத் திரும்ப உறிஞ்சும். உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட புதுச் சணல் சாக்கில் கட்டி, தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள். மே மாதத்தில் ஒரு நாள் வெயில் காட்டி, ஆறவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்க்கும்.

மிளகு வாடையைப் பிடித்துக்கொள்ளும். உரம், மண்ணெண்ணெய், ரப்பர் ஷீட், கருவாடு எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. கருவாட்டைச் சொன்னதற்குக் காரணம், அது எந்த அறையில் இருக்கிறது என்பது நம் வீடுகளில் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

9. விற்பனையும் காகிதங்களும்

ஊரில் மிளகு போன்ற மலைவிளைபொருள் வாங்கும் மலஞ்சரக்குக் கடையில் கொடுக்க எந்தக் காகிதமும் வேண்டாம். சாக்கைக் கொண்டுபோனால் நிறுத்துக் காசு கொடுப்பார்கள். போவதற்கு முன் அன்றைய கொச்சி விலையைப் பாருங்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் இணையதளத்தில் தினமும் போடுகிறார்கள். அதில் கார்பிள்டு, அன்கார்பிள்டு என்று இரண்டு விலை இருக்கும். சுத்தம் செய்து தரம் பிரித்ததற்கு முதலாவது, செய்யாததற்கு இரண்டாவது. வழக்கமாகக் கிலோவுக்கு 20 ரூபாய் வித்தியாசம். நீங்கள் ஒப்பிட வேண்டியது அன்கார்பிள்டு விலையோடு. கடைக்காரர் வண்டிக்கூலியும் தன் லாபமும் கழித்துக் கொடுப்பார், அது நியாயம். எவ்வளவு கழிக்கிறார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2020-இல் கிலோ 350 ரூபாயை ஒட்டி நின்ற விலை, 2024-லும் 2025-லும் 600-க்கு மேல் போனது. ஆக, போன வருட விலையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பச்சையாகவே வாங்கிக்கொள்கிறோம் என்றும் கேட்பார்கள். காயவைக்க ஆளும் இடமும் இல்லாதவர்கள் கொடுக்கலாம். கொடுக்கும் முன் காய்ந்த விலையை மூன்றால் வகுத்துப் பாருங்கள். அதிலிருந்து அவர் சொல்லும் விலை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதுதான் உங்கள் நான்கு நாள் வெயிலின் கூலி.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வடசேரியிலும் திங்கள்சந்தையிலும் இருக்கின்றன. அங்கே விவசாயியிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது, சந்தைக் கட்டணம் வாங்கும் வியாபாரியிடமிருந்துதான். ஆனால் மிளகு வாங்க வியாபாரிகள் எந்த நாளில் வருகிறார்கள் என்று முதலில் போனில் கேட்டுவிட்டுச் சாக்கைத் தூக்குங்கள். ஆதார், வங்கிப் புத்தக நகல், பட்டா அல்லது சிட்டா நகல் மூன்றும் கையில் இருக்கட்டும். சிட்டாவை அரசின் இணையதளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அடங்கலுக்கு கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள்.

ஜிஎஸ்டி பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. பச்சையோ காய்ந்ததோ, விவசாயி தன் மிளகைத் தானே விற்றால் ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை என்று 2024 டிசம்பரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்திலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள். வாங்கி விற்றால் கதை வேறு.

பொட்டலம் போட்டுச் சொந்தப் பெயரில் விற்க ஆசைப்படுகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எடுக்க வேண்டும். சிறு தொழிலுக்கான அடிப்படைப் பதிவுக்கு வருடத்துக்கு 100 ரூபாய்க் கட்டணம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று போதும். இடையில் ஆயிரங்களில் கேட்கும் புரோக்கரிடம் போக வேண்டாம். பொட்டலத்தின் மேல் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, பொட்டலமிட்ட மாதம், பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும்.

மானியமோ கன்றோ நுண்ணீர்ப் பாசனமோ கேட்டுத் தோட்டக்கலைத் துறைக்குப் போகும்போதுதான் காகிதம் கழுத்தைப் பிடிக்கும். நம் மாவட்டத்தில் பல விளைகள் இன்னும் தாத்தா பெயரில் அல்லது நான்கைந்து பேரின் கூட்டுப் பட்டாவில் கிடக்கின்றன. கையில் அனுபவம் இருக்கும், பட்டாவில் பெயர் இருக்காது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று சேர்த்து இ-சேவை மையத்தில் பட்டா மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். சேவைக் கட்டணம் 60 ரூபாய்தான், பிடிப்பதெல்லாம் காலம். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நில அளவர் வரும்வரை பொறுக்க வேண்டும். பட்டா உங்கள் பெயருக்கு வந்ததும் விவசாயிகளுக்கான தனி அடையாள எண்ணையும் எடுத்துவிடுங்கள். அதற்கு ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் வேண்டும். உழவன் செயலியிலும் பதிந்துகொண்டால் மானியங்களுக்கு அதன் வழியே விண்ணப்பிக்கலாம்.

10. பறிப்பு முடிந்ததும் கொடியை ஒழுங்கு செய்வது

சாக்கு விலையானதும் கொடியை மறந்துவிடுவதுதான் வழக்கம். அடுத்த வருடக் காய்ப்பு பிப்ரவரியிலிருந்து ஜூன்வரை நீங்கள் செய்வதில் இருக்கிறது.

மரத்தைப் பிடிக்காமல் வெளியே தொங்கும் கொடிகளை வெட்டுங்கள், அவை காய்க்காது. மரத்தை விட்டு விலகிய தலைப்பகுதியைச் சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். மே மாதத்தில் முருக்கு, சீமைக்கொன்றை போன்ற தாங்கு மரங்களின் கிளைகளைக் கழித்துவிட்டால் மழைக்காலத்தில் வெளிச்சம் கிடைக்கும், ஈரம் தங்காது. கிளை கழிக்கும் அரிவாள் மிளகுக் கொடியில் படாமல் பார்க்க ஒரு ஆள் கீழே நிற்கட்டும். கொடியின் அடியைச் சுற்றிச் சருகு போட்டு மூடுங்கள். மண்வெட்டியால் ஆழமாகக் கொத்த வேண்டாம், வேர் மேலாகத்தான் ஓடும்.

ஜூன் மழை தொடங்குவதற்கு முன்னும், ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறையும் ஒரு சதவீத போர்டோக் கலவை தெளிப்பது விரைவு வாடலுக்குக் காப்பு. அந்த நோய் வந்தால் பச்சையாக நின்ற கொடி இரண்டு மூன்று வாரத்தில் இலையுதிர்ந்து செத்துப்போகும். பிறகு தெளித்துப் பயனில்லை. 10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. மயில்துத்தத்தை ஐந்து லிட்டரில் தனியாகவும், சுண்ணாம்பை ஐந்து லிட்டரில் தனியாகவும் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் வாளிதான், இரும்புப் பாத்திரம் ஆகாது. துருப்பிடிக்காத பளிச்சென்ற இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அமுக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். கலக்கிய அன்றே தெளித்து முடியுங்கள். அக்டோபருக்குப் பிறகு தெளிக்காதீர்கள், மணி முற்றும் நேரம்.

நல்ல காய்ப்புள்ள மூட்டின் அடியில் தரையில் ஓடும் கொடிகளை மண்ணில் வேர்விடாமல் சுருட்டி, ஒரு குச்சி நட்டு அதில் கட்டிவைத்திருந்தால், பிப்ரவரி, மார்ச்சில் அவற்றை வெட்டிக் கன்றாக்கலாம். நுனியின் இளந்தண்டையும் அடியின் முற்றிய பகுதியையும் தள்ளிவிட்டு, நடுப்பகுதியை இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, இலையைக் காம்பு நிற்கும்படி கத்தரித்து, மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்த பையில் ஒரு கணுவாவது உள்ளே போகும்படி நடுங்கள். நிழலில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளித்தால் ஜூன் மழைக்கு நடத் தயாராகிவிடும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கன்று இருக்கிறதா என்று மே மாதத்திலேயே கேட்டுவையுங்கள். நிழல் அதிகமான விளைக்குக் கரிமுண்டா ரகம் பொருந்தும். பன்னியூர் 1 ரகத்துக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், பலாவின் அடர்நிழலில் அதை வைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று சொல்லக் கூடாது.